பழைய குடியிருப்பில் புதிய வீடு: எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி?

மலாக்கா நகரின் காஜா பேராங் சாலையிலிருந்து தோரணவாயிலைத் தாண்டி உள்ளே போனால் செட்டி கிராமம். வீடுகள் தாழ்வானவை. கூரை திண்ணைமேல் இறங்கி நிற்கும். நிலைக்கு மேல் மாவிலைத் தோரணம். சற்று நடந்தால் 1822இல் எழுந்த முத்து மாரியம்மன் கோயில். 2013, 2014 ஆண்டுகளில் இந்தக் கிராமத்தை ஒட்டிய நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும் வரப்போவதாகச் செய்தி வந்தபோது கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் வீட்டை யாரும் இடிக்க வரவில்லை. கட்டடம் வரவிருந்தது பக்கத்து நிலத்தில். பக்கத்து நிலத்தில் எழும் உயரத்தைத் தடுக்க ஒரு பழைய குடியிருப்புக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மலேசியச் சட்டம் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை.

மலாக்கா செட்டிகள் யார் என்பதை அறிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினார்கள். 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபோது, முஸ்லிம் அல்லாத வணிகர்களுக்குத் தலைவராக நைனா சாத்து என்ற தமிழரை அமர்த்தினார்கள். 1641இல் டச்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் காலத்தில் செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் 1781இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் எழுந்தது. இந்நாட்டில் இன்றும் பூசை நடக்கும் இந்து ஆலயங்களில் மிகப் பழையது அதுவே. வீட்டில் மலாய் பேசி, கெபாயா உடுத்தி, சைவ வழிபாட்டை விடாமல் காத்த சமூகம் இது. பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்ற குடிப்பெயர்கள் இன்றும் அவர்கள் பெயரோடு நிற்கின்றன.

செட்டிகளின் வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்ச்சு நாளில் போனால் பார்க்கலாம். பொங்கலுக்கு முந்தைய நாள் முன்னோர்க்குப் படையல். நடுக்கூடத்தில் வாழையிலை விரித்து, நாசி லெமாக், கறி, பலகாரம், பழம் எல்லாம் வரிசையாக வைப்பார்கள். உறவுகள் ஒரே கூடத்தில் கூட வேண்டும். வந்தவர்கள் திண்ணையில் உட்கார வேண்டும். பிள்ளைகள் முற்றத்தில் நிற்க வேண்டும். கூடம், திண்ணை, முற்றம் மூன்றும் தரைமட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும். பதினைந்தாம் மாடியில் இதைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அது ஒரு குடும்பத்தின் சடங்காகச் சுருங்கிவிடும். ஊர் வழக்கமாக இருக்காது.

மாரியம்மன் திருவிழாவில் தேர் காஜா பேராங்கிலிருந்து புறப்பட்டுத் தங்க ஆசாரித் தெருவான ஜாலான் துக்காங் எமாஸிலுள்ள விநாயகர் ஆலயத்துக்குப் போய்த் திரும்பும். இரண்டு கோயில்கள், நடுவே ஒரு வழி. விநாயகர் ஆலயம் உலக மரபுடைமைப் பகுதியின் உட்கருவுக்குள் இருக்கிறது. கிராமம் அதற்கு வெளியே. ஒரே சமூகத்தின் ஒரே வழிபாட்டை வரைபடக் கோடு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2008 ஜூலை 7 அன்று கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. பின்னர் திருத்திய கணக்குப்படி மலாக்காவின் உட்கரு 45.30 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 242.80 ஹெக்டர். உட்கருவில் கட்டட உயரம், கூரைச் சாய்வு, ஓட்டின் நிறம், முகப்பு, ஐந்தடி நடைபாதை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஹீரன் தெரு என்று பழையவர்கள் சொல்லும் ஜாலான் துன் டான் செங் லோக்கில் குறுகிய முகப்பும் நீண்ட உள்வாங்கலும் கொண்ட வீடுகள் இன்றும் ஒன்றையொன்று தோள் உரசி நிற்பதற்கு இந்த விதிகள் ஒரு காரணம்.

விதி இருந்தும் ஆபத்து வரும் என்பதை ஜார்ஜ் டவுன் காட்டியது. அங்கே தலத்துக்குள் 18 மீட்டர் உயர வரம்பு இருந்தது. அதைத் தாண்டும் நான்கு ஹோட்டல் திட்டங்கள் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தன. அங்கீகாரம் கிடைத்து ஓராண்டு ஆவதற்குள் யுனெஸ்கோ ஆய்வுக் குழு பினாங்கில் இறங்க வேண்டியதாயிற்று. உயரத்தை எழுத்தில் வைப்பது எளிது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்.

மலாக்காவில் இடம் மாறிய ஒரு கட்டடமும் உண்டு. தாமிங் சாரி கோபுரத்தை முதலில் ஆற்றோரம் எழுப்பத் தொடங்கினார்கள். 2006இல் மண்ணைத் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்துக்குப் போயிற்று, 2008இல் திறந்தார்கள். 110 மீட்டர் உயரமான ஒரு கட்டுமானம் வேலை தொடங்கிய பிறகும் இடம் மாற முடிந்ததென்றால், ஒரு குடியிருப்புக் கட்டடம் சில மீட்டர் தள்ளி நிற்பது ஆகாத காரியம் இல்லை.

சட்டங்களை எண்ணினால் குறையில்லை. மலாக்கா மாநிலத்துக்கு 1988ஆம் ஆண்டின் பண்பாட்டு மரபுடைமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். கட்டடம் கட்டுவோர் பின்பற்ற வேண்டியவை 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும் 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட விதிகளும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. தேசிய ஆணையர் ஓரிடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க வேண்டுமானாலும் மாநில அரசின் சம்மதம் வேண்டும். மொத்தத்தில், கடைசிச் சொல் கோலாலம்பூரில் இல்லை. ஆயர் குரோவிலுள்ள மாநில அரசுத் தலைமையகமான ஸ்ரீ நெகிரியில் இருக்கிறது. நம் இயக்கங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு முதலில் புத்ராஜெயாவுக்கு ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் இங்கே மாநகர் மன்றத்தில் கோப்பு நகர்ந்துவிடும்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் அறிவிக்கப்பட்ட கட்டடத்தையும் அறிவிக்கப்பட்ட எல்லையையும் காக்கின்றன. எல்லைக்கு அப்பால் எழுவது பற்றி அவற்றின் பேச்சு மிகக் குறைவு. இங்கேதான் உயரமும் இடமும் பெரிய பிரச்சினையாகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மாடிக் கட்டடம் என்றால் மாடிக்கு 3 மீட்டர் வைத்து 60 மீட்டர். காலை ஒன்பது மணி வாக்கில் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 30 பாகையில் நிற்கும். அப்போது அந்தக் கட்டடத்தின் நிழல் 100 மீட்டருக்கு மேல் நீளும். கட்டடம் கிராமத்துக்குக் கிழக்கே நின்றால் விடியலின் வெளிச்சமே முற்றத்துக்கு வராது. வடக்கே நின்றால் நிழல் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடும். அதே உயரம், அதே நிலம், நிற்கும் திசை மட்டும் வேறு. ஆனால் நம் விண்ணப்பப் பரிசீலனையில் இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் இல்லை.

நிழலைவிடக் கொடியது நீர். புதிய நிலத்தை மண் கொட்டி உயர்த்திவிட்டுத்தான் கட்டத் தொடங்குவார்கள். பக்கத்தில் தாழ்ந்த தரையில் நிற்கும் பழைய வீட்டுக்கு அதுவரை வடிந்துபோன மழைநீர் திரும்பி வரும். அடித்தூண் அறையும்போது பழைய சுவரில் விரிசல் ஓடும். ஆயிரம் பேர் குடிவரும்போது அவர்கள் வாகனங்களுக்குச் சாலை வேண்டும். அந்தச் சாலைக்குக் கண்ணில் படுவது கிராமத்தின் குறுக்கு வழிதான். வீட்டைத் தொடாமலே குடியிருப்பை வாழ முடியாததாக ஆக்க இத்தனை வழிகள் உண்டு. உஜோங் பாசிரிலுள்ள போர்த்துகீசியக் குடியிருப்பைப் பாருங்கள். 1930களில் மீனவர் சமூகத்துக்காகக் கடலோரத்தில் அமைத்த இடம் அது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எதிரே கடலை நிரப்பி நிலமாக்கியதில் விலகிப்போனது கடல்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உயரத்தைக் கட்டுப்படுத்து, முகப்பைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பது குடியிருப்பைக் காப்பாற்றாது. மலாக்கா நகரின் உட்பகுதியே இதற்குச் சாட்சி. போருக்கு முந்திய கடைவீடுகளில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் சிறு தொழிலாளர் குடும்பங்கள் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தன. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றாகப் போயிற்று. அதன் பிறகு வந்த மரபுடைமை விதிகள் முகப்பைக் காத்தன. முகப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் போய்விட்டார்கள். வீடு விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாறியது. அளவையும் இடத்தையும் பற்றிய எந்த விதியும், அந்த வீட்டில் ஏற்கெனவே வாழ்பவர் தொடர்ந்து வாழ வழி செய்யாவிட்டால் அது பாதி விதிதான்.

தமிழர் வாழும் மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள்?

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாது என்பது விதி. கோபுரத்தை மறைக்கக்கூடாது என்ற ஊர் மரியாதையைத் தமிழக அரசு அளவு சொல்லி எழுதியது. நல்ல விதி. கோயில் மதிலோடு நிற்காமல் கோயிலைச் சுற்றிய வெளியையும் அது கணக்கில் கொள்கிறது. ஆனால் மீறல்கள் ஏராளம். வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தன. காரணம் கண்முன்னே இருக்கிறது. கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாத உரிமையாளருக்கு அந்த இழப்பை ஈடுகட்ட அரசு எதுவும் தரவில்லை.

புதுச்சேரி வேறு வழியில் போனது. அங்கே பிரெஞ்சுப் பகுதி வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்கும். தமிழ்ப் பகுதி வீடுகள் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவைத் தொட்டு நிற்கும். பொதுவான கட்டட விதி எதைக் கேட்கும்? முன்னால் இடம் விடு, வண்டி நிறுத்த இடம் காட்டு என்று கேட்கும். அதன்படி கட்டினால் திண்ணை தெருவிலிருந்து பின்வாங்கி, கடைசியில் இல்லாமலே போகும். இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ் சுர் லோ நகரங்களோடு சேர்ந்து நடத்திய திட்டத்தில் வைசியாள் வீதியின் சுமார் 20 வீடுகளின் முகப்புகளைச் சீராக்கினார்கள். செலவை வீட்டுக்காரர் மட்டும் சுமக்கவில்லை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பங்காளியாக்கிச் செய்த வேலை அது. செட்டி கிராமத்தின் அளவுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுவே என்பது என் கருத்து.

சிங்கப்பூர் 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அங்கே விதிகள் தரம் பிரித்து எழுதப்பட்டவை. வரலாற்று மையப் பகுதிகளில் முழுக் கட்டடமும் அப்படியே நிற்க வேண்டும். வேறு சில வகைப் பகுதிகளில் முன்பகுதியைக் காத்துவிட்டுப் பின்புறம் உயரமாக நீட்டிக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவைத் திணிக்காத இந்த அணுகுமுறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறிய கதை அங்கும் உண்டு. அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலேசியத் தமிழருக்குக் கசப்பான பாடம் பினாங்கில் கிடைத்தது. கம்போங் புவா பாலா மாடு வளர்த்த தமிழர்களின் கிராமம். நிலம் கைமாறி மேம்பாட்டாளரிடம் போயிற்று. கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிபட்டன. பழைமையான கிராமம் என்று எல்லாரும் பேசினார்கள். எந்தப் பட்டியலிலும் அது ஏறியிருக்கவில்லை. இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற பிறகு பேசும் பழைமைக்கு நீதிமன்றத்தில் எடை இல்லை.

2023 ஏப்ரலில் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேறு விதமானது. கோலாலம்பூரில் பூங்கா நிலத்தில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு அடுக்ககங்களுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து வென்றார்கள். அந்தத் திட்டத்திலேயே 29 மாடியில் 350 வீடுகள் கொண்ட ஒரு கட்டடமும் இருந்தது. புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து வந்து 1980களிலிருந்து நீண்ட வீடுகளில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சொன்ன வீடுகளும் அதற்குள்தான். பசுமையைக் கேட்டவர்கள் ஒரு பக்கம், தலைமேல் கூரையைக் கேட்டவர்கள் மறுபக்கம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அந்தத் திட்டத்தின் அமைப்பு. உயரக் கட்டுப்பாடு பேசுகிற நாம் இந்த இடத்தை மறக்கவே கூடாது. வீடில்லாதவர் செலவில் பழைமையைக் காப்பது நியாயமாகாது.

இது நம்மைத் தோட்டத்துக்குக் கொண்டு வருகிறது. மலாக்காத் தமிழரில் பெரும்பாலோரின் வேர் செட்டி கிராமத்தில் இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசாஹானிலும் ரப்பர் நட்டார். இந்த நாட்டின் வணிக ரப்பர் பயிரே இங்குதான் தொடங்கியது. அந்த மரத்தைச் சீவத் தமிழர் வந்தார்கள். அவர்களுக்கு லயம் என்னும் வரிசை வீடுகளைக் கட்டினார்கள். மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, பள்ளத்தில் எதிரெதிராக லயங்கள், ஓரத்தில் மாரியம்மனோ முனியாண்டியோ, கூடவே தமிழ்ப்பள்ளி. யார் எங்கே எவ்வளவு பெரிய வீட்டில் இருக்க வேண்டும் என்பதை உயரமும் தூரமும் தீர்மானித்த ஒரு நகரமைப்பு அது. அந்த அநியாயத்தின் சான்றாகவாவது சில லயங்கள் நிற்க வேண்டும்.

ஆனால் நம் விதிகளின் கண்ணுக்கு லயம் படுவதே இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் குறைந்தபட்ச வசதியைப் பற்றிப் பேசுகிறது. மரபுடைமைச் சட்டம் சிறப்புடைய கட்டடங்களைத் தேடுகிறது. இரண்டுக்கும் நடுவே லயம் விழுந்துவிட்டது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகும்போது வரைபடத்தில் முதலில் சாலை, பிறகு வீடுகள், கடைசியில் மிஞ்சிய மூலையில் கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம். அந்த மூலை பெரும்பாலும் வாய்க்கால் ஓரமாகவோ மின்கம்பி வழியாகவோ இருக்கும். நூறாண்டு நின்ற கோயில் நகர வேண்டியதாகிறது; நேற்று வரைந்த சாலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லயத்தைச் சுற்றியிருந்த திடல், கிணறு, கோயில் மரம் ஆகியவற்றைப் புதிய வரைபடத்தில் அப்படியே வைத்து, அவற்றைச் சுற்றி வீடுகளை அடுக்குவது பொறியியலில் பெரிய சவால் இல்லை. கேட்டால் செய்வார்கள். வரைபடம் முடிவதற்குள் கேட்க வேண்டும்.

என் நிலைப்பாட்டைத் திறந்து சொல்கிறேன். பழைய குடியிருப்புக்குள் முகப்பு வரிசையும் கூரை உயரமும் மாறக்கூடாது. பின்புறம், தெருவிலிருந்து தெரியாத உயரத்துக்கு நீட்டிக்கொள்ள உரிமை வேண்டும். மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை சேர்க்க முடியாத கிராமத்தில் மகன் தங்கமாட்டான். மர வீட்டை மரத்திலேயே பழுது பார்க்க, தீத் தடுப்பு விதியில் தனி ஏற்பாடும் மானியமும் வேண்டும். இல்லையேல் விதியே அதைக் கல்வீடாக மாற்றிவிடும். குடியிருப்புக்கு வெளியே உயரம் படிப்படியாக ஏற வேண்டும்: எல்லையை ஒட்டி இரண்டு மாடி, தள்ளிப்போகப் போக அதிகம். வாகன வழி கிராமத்தின் வழியாக வரவே கூடாது. தேர் போகும் வழியை அப்படியே வரைபடத்தில் குறிக்க வேண்டும். இவற்றில் எதுவும் மேம்பாட்டாளரின் நிலத்தைப் பறிப்பதில்லை. அவர் எங்கே, எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்பதை அவர் நிலம் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. அவருக்கும் அது நல்லதுதான்.

இதைப் பெறும் வழி திட்டமிடல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்தில் கட்டட விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடத்தில் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். அங்கே பேச வேண்டிய நேரம் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் குறைந்தது நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் மாநகர் மன்றத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்த்த தமிழர் எத்தனை பேர்? கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஊருக்கு மூன்று அமைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் போனால் போதும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டின் நீளம், அகலம், கூரை உயரம், திண்ணைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி, கோயிலிலிருந்து எல்லை வரை உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து படம் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கட்டடக்கலை படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு வார இறுதியில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. காஜா பேராங்கிலும் புக்கிட் அசாஹானிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அந்த அளவெடுப்பை இந்த ஆண்டே தொடங்குங்கள்.